புப்ரினார்பினிலிருந்து எதற்கு மாறுவது? ராமநாதபுரம் கரையோரத்துக்காரர்களுக்கு ஒரு ஒப்பீடு

பிரவுன் சுகர், ஊசி, கடையில் வாங்கிப் பழகிப்போன வலி மாத்திரை என ஏதோ ஒன்றை விட்டுவிட்டு, நாக்குக்கு அடியில் வைக்கிற புப்ரினார்பின் மாத்திரையில் சில மாதம் ஓட்டியவர்களிடமிருந்து மூன்று கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. "இது பத்தல, மெதடோன் குடுத்தா சரியாகுமா?" "சவுதி விசா வந்துருச்சு, போதை கலக்காத மாத்திரைக்கு மாறிடலாமா?" "தினமும் சென்டருக்கு வந்தா தொழிலுக்கு எப்பப் போறது?"

மூன்றுக்கும் பதில் வேறு வேறு. மாற்றம் கேட்கிறவர்களில் பெரும்பாலோருக்கு மருந்தை மாற்ற வேண்டிய தேவையே இருப்பதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடலாம். அளவையோ, வைக்கிற முறையையோ, நாளையோ திருத்தினால் போதும். கீழே வரும் மில்லிகிராம் கணக்கெல்லாம் மருத்துவரிடம் பேசும்போது கையில் இருக்கட்டும் என்பதற்காக. தாமாக மாற்றிக்கொள்வதற்கு அல்ல.

## எதை வைத்து எடை போடுவது

மூளையில் ஓபியாய்டு, அதாவது அபின் வகை மருந்து, வந்து உட்காரும் இடம் ஒன்றுதான். மெதடோன் அங்கே உட்கார்ந்து முழு வேலை செய்யும். புப்ரினார்பின் பாதி வேலைதான் செய்யும், ஆனால் பிடி இறுக்கம்; ஏற்கெனவே உட்கார்ந்திருப்பதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கும். நால்ட்ரெக்சோன் வேலை எதுவும் செய்யாது, இடத்தை அடைத்துக்கொள்ளும். இதனால்தான் புப்ரினார்பினிலிருந்து மெதடோனுக்குப் போவது சுலபம். திரும்பி வருவது கடினம். நால்ட்ரெக்சோனுக்குப் போவது எல்லாவற்றையும்விடக் கடினம்.

ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, மாறும்போது எத்தனை நாள் மருந்தில்லாமல் இருக்க வேண்டும், அந்த நாட்களில் நீங்கள் வீட்டில் இருப்பீர்களா, கடலில் இருப்பீர்களா என்பது. அடுத்தது, புது மருந்து நாலு நாள் தவறினால் என்ன ஆகும். மூன்றாவது, அது எங்கே கிடைக்கும், போய்வர ஒரு நாள் பங்கு போகுமா. நான்காவது, கூடவே குடி, தூக்க மாத்திரை, டிபி மருந்து, மஞ்சள் காமாலை போன்றவை உண்டா. கடைசியாகக் காகிதம்: மருந்துச் சீட்டு, விசா, சோதனைச் சாவடி.

## மாறாமல் திருத்துவது

"பத்தல" என்று சொல்பவர் மாத்திரையை எப்படி வைக்கிறார் என்று ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். 2 மி.கி மாத்திரை நாலு. டீ குடித்த வாய், ஓரத்தில் ஒதுக்கிய புகையிலை, இரண்டு நிமிடத்தில் எச்சிலோடு விழுங்கிவிட்டு போட்டைப் பார்த்து ஓட்டம். விழுங்கியதில் பெரும்பகுதியைக் கல்லீரலே அழித்துவிடும். நாலு மாத்திரை போட்டும் இரண்டு போட்ட பலன்தான். சரியான முறை இது: புகையிலையைத் துப்பிவிட்டு வாயைத் தண்ணீரால் நனைத்துக்கொள்ள வேண்டும். மாத்திரையை நாக்குக்கு அடியில் இரண்டு பக்கமும் பிரித்து வைத்து, பேசாமல், எச்சிலை விழுங்காமல் முழுதாகக் கரையும்வரை இருக்க வேண்டும். 5 முதல் 10 நிமிடம் ஆகும். மையத்தில் பொடித்துக் கொடுத்தால் சீக்கிரம் கரையும், அதே வேகத்தில் தொண்டைக்குள்ளும் போகும்; அங்கேதான் கூடுதல் கவனம் வேண்டும். கரைந்த பிறகு ஒரு வாய் தண்ணீரைச் சுழற்றி விழுங்கிவிட்டு, பல் தேய்க்க ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். இந்த மாத்திரையால் பல் சொத்தை வருவதாக அமெரிக்க மருந்து நிர்வாகம் 2022இல் எச்சரித்தது.

முறை சரியாக இருந்தும் அடுத்த வேளைக்கு முன்பே கொட்டாவி, மூக்கொழுகல், மயிர்க்கூச்சம், கால் குடைச்சல் வந்தால் அளவு குறைவு என்று பொருள். உலக அளவில் பெரும்பாலோருக்கு நிலையான அளவு நாளுக்கு 8 முதல் 16 மி.கி, தேவைப்பட்டால் 24 வரை போகலாம். 4 மி.கி-யில் மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டவர் "மருந்து வேலை செய்யல" என்பது நியாயமான புகார்தான். அதற்கு வேறு மருந்து மருந்தல்ல. வேலைக்குப் பிறகு முதுகுவலி, மூட்டுவலி அதிகம் என்றால் மொத்த அளவைக் கூட்டாமல் காலை, மாலை எனப் பிரிப்பது பல நேரம் உதவும்.

தினமும் வர முடியாதவர்களுக்கு அதிகம் பேசப்படாத ஒரு வழி இருக்கிறது. புப்ரினார்பின் உடம்பில் நீண்ட நேரம் நிற்கும் என்பதால், நிலைபெற்றவருக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரட்டை அளவு கொடுக்கலாம். தினம் 8 மி.கி எடுப்பவருக்கு ஒரு நாள் 16, மறுநாள் ஒன்றுமில்லை. எந்த ஒரு நாளிலும் 24 மி.கி-யைத் தாண்டக் கூடாது. ஆகவே தினம் 16 எடுப்பவருக்கு இது பொருந்தாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகும் விசைப்படகுக்காரருக்கு இது அளந்து தைத்த சட்டை மாதிரி. கரையில் நிற்கும் நாளில் மையத்தில் வைத்தே இரட்டை அளவை எடுத்துக்கொள்ளலாம். கடலில் மாத்திரையைக் கொண்டு போகும் வேலை இல்லை, உப்புத் தண்ணீரில் அட்டை நனையும் கவலையும் இல்லை. முதல் இரண்டு இரட்டை அளவுகளை மட்டும் வேலை இல்லாத நாளில் எடுத்துத் தூக்கம் எப்படி என்று பார்க்க வேண்டும். அன்று குடி கூடவே கூடாது. தினமும் கரை திரும்பும் நாட்டுப்படகுக்காரருக்கு இந்த ஏற்பாடு அவசியமில்லை.

மறைந்திருக்கும் செலவு என்று பார்த்தால் பயணம்தான். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டர் சொச்சம். பாம்பன் தாண்டிப் போய்வந்தால் ஒரு பகல் போயிற்று. சில நாள் மருந்தை வீட்டுக்குக் கொடுப்பது 2020 ஊரடங்குக் காலத்தில் நாட்டில் பல மையங்களில் பழக்கத்துக்கு வந்தது. உங்கள் மையத்தின் விதி என்ன என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.

## நலாக்சோன் கலந்த மாத்திரைக்கு மாறுவது

இது மாற்றமே இல்லை என்று சொல்லலாம். புப்ரினார்பின் அளவு ஒன்றுக்கு ஒன்று அப்படியே. 2 மி.கி-யோடு 0.5 மி.கி நலாக்சோன், அதாவது ஓபியாய்டை முறிக்கும் மருந்து, சேர்ந்திருக்கும். நாக்குக்கு அடியில் வைத்தால் நலாக்சோன் அநேகமாக உடம்பில் ஏறாது. கரைத்து ஊசியில் ஏற்றினால்தான் தன் வேலையைக் காட்டும். மாத்திரையை வீட்டுக்குக் கொண்டு போக வேண்டும், வீட்டில் வேறு யாராவது எடுத்துவிடுவார்கள் என்ற பயமும் இருக்கிறது என்றால் இது மேல். சிலருக்கு முதல் வாரம் தலைவலி வரும்.

## மெதடோனுக்கு மாறுவது

புப்ரினார்பின் 24 மி.கி வரை போய், முறையும் சரியாக இருந்து, இன்னும் ஊசி தேடும் ஆசை அடங்காதவருக்கு இது உண்மையான மாற்று. மாறுவதற்கு இடைவெளி தேவையில்லை. கடைசி மாத்திரைக்கு மறுநாளே தொடங்கலாம். இவ்வளவு சுலபமாக இருப்பதுதான் ஆளை ஏமாற்றும்.

முதல் நாள் அளவு 30 மி.கி-யைத் தாண்டக் கூடாது. பிறகு சில நாளுக்கு ஒருமுறை 5 அல்லது 10 மி.கி எனக் கூட்டி, பெரும்பாலோர் 60க்கும் 120க்கும் இடையில் நிற்பார்கள். முதல் நாள் "ஒண்ணுமே தெரியல" என்பார்கள். மருந்து உடம்பில் சேர்ந்துகொண்டே போய் ஐந்தாம் நாள் வாக்கில்தான் முழு வேகம் காட்டும். முதல் நாள் போதவில்லை என்று வெளியில் வாங்கி எதையாவது சேர்த்துப் போட்டவர் மூன்றாம், நான்காம் இரவில் மூச்சுத் திணறிப் போவது இதனால்தான். முதல் இரண்டு வாரம் விசைப்படகில் ஏறக் கூடாது, வலை இழுக்கும் வின்ச் பக்கம் நிற்கக் கூடாது. கரையில் 108 வரும், நடுக்கடலில் வராது.

தொடங்கும் முன் ஈசிஜி எடுக்க வேண்டும். மெதடோன் இதயத் துடிப்பின் கியூடி இடைவெளியை நீட்டும். கணக்கு 500 மில்லிசெகண்டைத் தாண்டினால் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வேண்டும். வாந்திக்குப் போடும் ஆன்டன்செட்ரான், சளிக்குக் கொடுக்கும் அசித்ரோமைசின் இரண்டும் அதே இடைவெளியை நீட்டுபவை. ஊர் கிளினிக்கில் "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க" என்று கேட்டால் மெதடோனை மறைக்காமல் சொல்வது இங்கே மானப் பிரச்சினை அல்ல, உயிர்ப் பிரச்சினை. டிபிக்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் மெதடோன் அளவு சரிந்துவிடும். ஒரு வாரத்துக்குள் உடம்பு முறிக்க ஆரம்பிக்கும். புப்ரினார்பினையும் ரிஃபாம்பிசின் குறைக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒரு தடை: இந்தியாவில் மெதடோன் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்காது. தேர்ந்தெடுத்த அரசு மையங்களில் மட்டும், திரவமாக, ஆள் முன்னால் குடிக்க வைப்பார்கள். உங்களுக்கு எட்டும் தூரத்தில் அப்படி ஒரு மையம் இருக்கிறதா என்று போதை மீட்பு உதவி எண் 14446-இல் கேட்டு உறுதி செய்யாமல் இந்த யோசனையைத் தொடங்கவே வேண்டாம். மூன்று நாள் தொடர்ந்து தவறினால் பழைய அளவைக் கொடுக்க மாட்டார்கள், குறைத்துத்தான் தொடங்குவார்கள்.

வேறு மாநிலத்தில் மெதடோனில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர் புப்ரினார்பினுக்கு வர வேண்டுமென்றால், முதலில் அளவை 30 மி.கி வாக்கில் குறைத்துக்கொள்ள வேண்டும். பிறகு கடைசி வேளைக்கு அப்புறம் 24 முதல் 72 மணி நேரம் காத்திருந்து, நன்றாகக் கொட்டாவியும் வியர்வையும் வந்த பிறகே 2 மி.கி-யில் தொடங்க வேண்டும். அவசரப்பட்டு வைத்தால் அந்த இறுக்கமான பிடி மெதடோனைத் தள்ளிவிட்டு, ஒரு மணி நேரத்தில் வாந்தியும் பேதியுமாக ஆளைச் சுருட்டிப் போடும். மெதடோனை நிறுத்தாமலே, புப்ரினார்பினை மிகச் சிறிய அளவில் தொடங்கி நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டு போகும் வழியும் இருக்கிறது. 0.4 மி.கி மாத்திரை அதற்குக் கைகொடுக்கும், ஆனால் அது பழகிய மருத்துவரின் வேலை.

## நால்ட்ரெக்சோனுக்கு மாறுவது

வீட்டார் அதிகம் விரும்புவது இதைத்தான். போதைப் பொருள் வகையில் சேராத மருந்து, பழகாது, விட்டால் உடம்பு முறிக்காது, குடிப்பழக்கத்துக்கும் உதவும். நாளுக்கு 50 மி.கி, அவ்வளவுதான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

விலை இடைவெளியில் இருக்கிறது. புப்ரினார்பினை வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்து 2 மி.கி-க்குக் கீழே கொண்டுவந்து நிறுத்திய பிறகு, 7 முதல் 14 நாள் எந்த ஓபியாய்டும் இல்லாமல் இருக்க வேண்டும். பிறகு சிறுநீர்ச் சோதனை. சாதாரண மார்ஃபின் சோதனைப் பட்டை புப்ரினார்பினையும், டிரமடால், டேபன்டடால் போன்ற வலி மாத்திரைகளையும் காட்டாது, "நெகட்டிவ்" என்று வந்ததை நம்பித் தொடங்கி மாட்டிக்கொள்வது இங்கேதான். சந்தேகம் இருந்தால் மருத்துவமனையில் நலாக்சோன் ஊசி போட்டுப் பார்த்து, அறிகுறி எதுவும் வராவிட்டால் முதல் நாள் 25 மி.கி, அப்புறம் 50. முன்கூட்டியே விழுங்கிவிட்டால் கிளம்பும் உபாதை இரண்டு நாள்கூட நீடிக்கும். வாந்தி, பேதி, பிதற்றல் என்று குளுக்கோஸ் ஏற்றும் நிலைக்குப் போகும்.

அந்த இரண்டு வாரம்தான் வீட்டில் கதவைப் பூட்டி, காலைக் கட்டிப் போடலாம் என்ற யோசனை வருகிற நேரம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியோடு இருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்ட கரை இது. கட்டிப் போடுவது சிகிச்சை இல்லை, மருத்துவமனைப் படுக்கைதான் சிகிச்சை. குடைச்சலுக்கும் வியர்வைக்கும் கொடுக்கும் குளோனிடின் இரத்த அழுத்தத்தை இறக்கும். வெயிலில், பேதியோடு, தண்ணீர் குடிக்காமல் அதைப் போட்டால் எழுந்து நிற்கும்போதே மயங்கி விழுவார்கள். ஓஆர்எஸ் கரைசல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இரண்டாவது விலை, தாங்குதிறன் போய்விடுவது. மூன்று மாதம் நால்ட்ரெக்சோனில் இருந்துவிட்டு நாலு நாள் மாத்திரையை விட்டவர் பழைய நண்பரோடு பழைய அளவை ஏற்றினால், உடம்பு அதைத் தாங்காது. மாத்திரையை விட்டதே வெளியில் தெரியாது என்பதால் யாரும் எச்சரிக்கையாக இருப்பதில்லை. சொல்வதற்குச் சங்கடமாக இருந்தாலும் உண்மை இதுதான்: வாய்வழி நால்ட்ரெக்சோனைத் தானாகத் தொடர்பவர்கள் குறைவு. அம்மாவோ மனைவியோ கையால் கொடுத்து விழுங்குவதைப் பார்க்கும் வீடுகளில்தான் இது நிற்கிறது. திங்கள் 100, புதன் 100, வெள்ளி 150 என வாரம் மூன்று நாள் கொடுக்கும் முறையும் உண்டு. கண்காணிப்பவருக்கு அது வசதி.

மூன்றாவது விலையைத் தொழிலுக்குப் போகிறவர் கட்டாயம் யோசிக்க வேண்டும். வின்ச் கயிறு விரலை வாங்கிவிட்டால் மருத்துவமனையில் போடும் மார்ஃபின் வகை ஊசி வேலை செய்யாது. நரம்பை மரக்க வைப்பது, கெட்டமின் என்று மருத்துவருக்கு வேறு வழிகள் உண்டு, ஆனால் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "நால்ட்ரெக்சோன் எடுக்கிறேன்" என்று எழுதிய சீட்டு பர்ஸில் இருக்கட்டும். முன்கூட்டியே தேதி குறித்த ஆபரேஷன் என்றால் மூன்று நாள் முன்னதாக நிறுத்த வேண்டும். கல்லீரல் சோதனையில் என்சைம் வழக்கத்தைவிட மூன்று முதல் ஐந்து மடங்கைத் தாண்டினால் இந்த மருந்து வேண்டாம். ஊசி பழக்கத்தில் ஹெபடைட்டிஸ் சி வந்தவர்கள் இதை முதலிலேயே பார்த்துவிட வேண்டும். கர்ப்பிணிகள் இதற்கு மாறக் கூடாது. எடுக்கும் புப்ரினார்பினையோ மெதடோனையோ தொடர்வதே தாய்க்கும் பிள்ளைக்கும் பாதுகாப்பு.

சரிவரவில்லை என்று புப்ரினார்பினுக்குத் திரும்புவது கடினமில்லை. கடைசி நால்ட்ரெக்சோன் மாத்திரைக்குப் பிறகு ஒரு நாளாவது விட்டு, மிகச் சிறிய அளவில் தொடங்க வேண்டும். பழைய 16 மி.கி-யை எடுத்த எடுப்பில் வைக்கக் கூடாது.

## ஒரே பார்வையில்

| | புப்ரினார்பினிலேயே திருத்தம் | மெதடோன் | நால்ட்ரெக்சோன் |
|---|---|---|---|
| மாறும்போது இடைவெளி | இல்லை | இல்லை, மறுநாளே | 7–14 நாள், அதற்கு முன் வாரக்கணக்கில் குறைப்பு |
| ஆபத்தான காலம் | அளவு கூட்டும் நாள் | முதல் 2 வாரம் | இடைவெளி. பின்பு மாத்திரையை விட்ட நாட்கள் |
| நாலு நாள் தவறினால் | உடம்பு முறிக்கும் | அளவைக் குறைத்துத் தொடங்க வேண்டும் | வெளியே தெரியாது. பழைய அளவு உயிரை வாங்கும் |
| கிடைக்கும் இடம் | போதை சிகிச்சை மையம், மருத்துவர் வழி | சில அரசு மையம் மட்டும் | மருந்துச் சீட்டுக்குக் கடையில் |
| குடி, தூக்க மாத்திரையோடு | ஆபத்து | மிக ஆபத்து | குடியைக் குறைக்க உதவும் |
| ரிஃபாம்பிசின் | அளவு குறையும் | நன்றாகக் குறையும் | கல்லீரலைப் பார்க்க வேண்டும் |
| ஆபரேஷன் | நிறுத்தாமல் தொடரலாம் | தொடரலாம் | 3 நாள் முன் நிறுத்த வேண்டும் |
| வளைகுடாப் பயணம் | முன்அனுமதி இல்லாமல் கூடாது | முன்அனுமதி இல்லாமல் கூடாது | சிக்கல் குறைவு |

## எந்த மாதத்தில்

விசைப்படகுக்காரருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். நால்ட்ரெக்சோனுக்கோ மெதடோனுக்கோ மாறுவதென்றால் தொடங்க ஏற்ற காலம் அதுதான்: அளவு குறைப்பை மார்ச்சிலேயே ஆரம்பித்தால், இடைவெளி கரையிலேயே கழியும். கையில் காசில்லாத, வேலையில்லாத மாதங்களும் அவைதான் என்பதால் குடி தலைகாட்டும். வீட்டில் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

நோன்பு மாதத்தில் மருந்தை மாற்ற வேண்டாம். புப்ரினார்பின் எடுப்பவர் வேளையை நோன்பு திறந்த பிறகோ சஹருக்கு முன்போ நகர்த்திக்கொண்டால் பகல் முழுக்கத் தாங்கும். ஆனால் நால்ட்ரெக்சோன் இடைவெளியின் பேதியோடு தண்ணீரில்லாமல் பகலைக் கடத்துவது முடியாத காரியம்.

விசாவைக் காட்டிப் பத்து நாளில் மாற்றிக் கொடுங்கள் என்று கேட்பவர்களுக்கு: குறைப்பு, இடைவெளி, நால்ட்ரெக்சோனில் கொஞ்ச நாள் ஊன்றி நிற்பது எல்லாம் சேர்த்து மூன்று மாதமாவது வேண்டும். அவசரமாக மாறி, அறைக்கு எட்டுப் பேர் தங்கும் இடத்தில் தனியாக இறங்குவதைவிட விமானத் தேதியைத் தள்ளுவது மலிவு. புப்ரினார்பினோடு போக வேண்டியவர் அந்த நாட்டு சுகாதாரத் துறையின் முன்அனுமதியைக் கையில் வாங்கிய பிறகே டிக்கெட் போட வேண்டும். பெட்டியில் ஒளித்து எடுத்துப் போனால் சிறை.

இங்கேயும் காகிதம் முக்கியம். போதைப் பொருள் தடுப்புச் சட்டத்தில் புப்ரினார்பின் மனமயக்கப் பொருள் பட்டியலில் இருக்கிறது. தானாக முன்வந்து சிகிச்சை எடுப்பவருக்கு அந்தச் சட்டத்தின் 64ஏ பிரிவு ஓரளவு பாதுகாப்பு தரும். சீட்டில்லாமல் அட்டையோடு பிடிபட்டவர் அந்தப் பிரிவை நம்பி நிற்க முடியாது.

எந்த மருந்தானாலும் வீட்டார் அடையாளம் தெரிந்து வைத்திருக்க வேண்டியது: எழுப்பினால் எழாத தூக்கம், களகளவென்ற குறட்டை, நீலம் பாய்ந்த உதடு, ஊசிமுனையாகச் சுருங்கிய கண்மணி. உடனே 108. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மூச்சு நின்றிருந்தால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். கடலில் என்றால் கடலோரக் காவல் படை எண் 1554. நலாக்சோன் ஊசி போட்டு எழுந்துவிட்டார் என்று வீட்டுக்குக் கூட்டிவந்துவிடக் கூடாது. மெதடோன் நலாக்சோனைவிட நீண்ட நேரம் நிற்கும். எழுந்தவருக்கு மறுபடியும் மூச்சு நின்றுபோகலாம்.

எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துப் போனால் மருந்து அன்றே நின்றுவிடும், சிறையில் எத்தனை வாரம் என்று யாருக்கும் தெரியாது. கடலுக்குப் போகிறவர் மருந்தின் பெயர், அளவு, கடைசியாக எடுத்த தேதி, மருத்துவர் எண் எழுதிய ஒரு துண்டுச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு இடுப்பில் வைத்துக்கொள்ளட்டும். அதே சீட்டின் படம் வீட்டுப் போனிலும் இருந்தால், மீன்வளத் துறை வழியாகவோ யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகம் வழியாகவோ சிறை மருத்துவரின் கைக்கு அனுப்பக் கேட்கலாம். விடுதலையாகி வந்த அன்று பழைய அளவை வைக்காமல், மையத்தில் முதல் நாள் ஆள் மாதிரி மறுபடி தொடங்க வேண்டும்.